சிவப்புத் தடிக்கு அந்தப் பக்கம்

“அசையாதை, சாருஜா! தூக்கின காலைக் கீழை வைக்காதை!”

உதயகலா போட்ட சத்தத்தில் பனையில் இருந்த காகங்கள் எழும்பிப் பறந்தன. சிவப்புத் துணி கட்டிய தடிக்கு அந்தப் பக்கம் அவளுடைய ஏழு வயது மகள் பள்ளிக்கூடச் சட்டையோடு ஒற்றைக் காலில் நின்றாள். ‘அசையாதை’ என்றால் போதும், அந்தப் பிள்ளை கல்லாகிவிடும். இரண்டாம் முறை சொல்லத் தேவையில்லை.

சிவப்புத் தடிக்கு அப்பால் வெடி கிடக்கலாம். பிள்ளை எப்படி அதைத் தாண்டினாள் என்று யோசிக்க நேரமில்லை. உதயகலா முழங்காலில் இருந்தாள். ஐந்து வருடமாக முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றுகிறவள் அவள். எந்த மண் தானாக இறுகியது, எந்த மண்ணை ஒரு கை கிளறி மூடியது என்று விரல் நுனிக்குத் தெரியும்.

இன்றைக்கு முகக்கவசம் இல்லை, மேலங்கி இல்லை, மண்ணைக் குத்திப் பார்க்கும் கம்பியும் இல்லை. கையில் அகப்பட்டது ஓர் அகப்பைக் காம்புதான். அதைச் சரித்துப் பிடித்து, மெல்ல மண்ணுக்குள் விட்டாள்.

ஒன்றுமில்லை. ஒரு விரல் தள்ளி மறுபடியும் விட்டாள்.

“அம்மா, கால் உளையுது.”

“பொறு குஞ்சு. அம்மா வந்துகொண்டிருக்கிறன். கீழை பாக்காதை, என்னைப் பார்.”

காய்ந்த இலை ஒன்றை இரண்டு விரலால் தூக்கி, பின்னால் வைத்தாள். இலைக்குக் கீழே மண் சற்றுப் பதிந்திருந்தது. அப்போதுதான் யசிந்தாவின் குரல் கேட்டது.

யசிந்தா குருநகர்ப் பெட்டை. பக்கத்துப் பாதையில் கண்ணிவெடி அகற்றியவள். போன ஆடியில், தேத்தண்ணி குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போனவளுக்கு வெடியில் ஒரு கால் போய்விட்டது. அம்புலன்ஸில் ஏற்றும்போது அவள் அழவில்லை. “கலா அக்கா, என்ரை மற்றச் சப்பாத்து எங்கை?” என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போதும் அதையேதான் கேட்டாள், காதுக்குப் பக்கத்தில், பொறுமையாக.

யசிந்தாவின் கால் போன பிறகுதான் குழுத் தலைவர் செபநாயகம் உதயகலாவைத் தனியே கூப்பிட்டுக் கதைத்தார்.

“பிள்ளை, உனக்கு இந்த வேலை போதும். மானிப்பாயிலை எனக்குத் தெரிஞ்ச பேக்கரியிலை ஆள் தேடுகினம். சொல்லிவிடட்டோ?”

“ஏன் அண்ணை? என்ரை கை நடுங்கேல்லையே. இந்தா, பாருங்கோ.” அவள் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள். உண்மையிலேயே நடுங்கவில்லை.

“கை நடுங்கினால் நான் பயப்பட மாட்டன். நீ சோத்துப் பாசலைத் தூக்கேக்கை, அதுக்குக் கீழை என்ன கிடக்கெண்டு குனிஞ்சு பாக்கிறாய். கன நாளாப் பாத்துக்கொண்டு வாறன்.”

“நான் விட்டால் அந்த நிலத்தை ஆர் பாக்கிறது?” என்று அவள் கோபித்துக்கொண்டு எழும்பி வந்துவிட்டாள்.

பதிந்திருந்த மண்ணில் காம்பு எதிலோ தட்டியது. உதயகலா கண்ணை மூடித் திறந்து, ஊதி ஊதி மண்ணை விலக்கினாள். சிரட்டைத் துண்டு ஒன்று. அதையும் எடுத்துப் பின்னால் வைத்தாள். வெயில் ஏறி முதுகைச் சுட்டது. பிள்ளைக்கும் அவளுக்கும் நடுவே இன்னும் ஒரு பாய் அகலத்துக்கு நிலம் கிடந்தது.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. புருஷன் நிருஷன்.

“வராதேங்கோ! அங்கையே நில்லுங்கோ!”

அவன் நிற்கவில்லை. சிவப்புத் துணி கட்டிய தடியைப் பிடுங்கி எறிந்தான். அவள் தட்டிப் பார்த்த பாதையை விட்டு, தட்டாத மண்ணில் நேராக நடந்து வந்தான்.

“ஐயோ, நில்லுங்கோவன்! பிள்ளை நிக்கிறாள்!”

உதயகலா இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு மண்ணோடு மண்ணாகக் குப்புற விழுந்தாள். ஒன்றும் வெடிக்கவில்லை. அவள் தலை நிமிர்ந்தபோது, நிருஷன் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

“கலா, எழும்பு. அவசரமில்லை. எங்கை நிக்கிறாய் எண்டு ஒருக்கால் வடிவாப் பார்.”

அவள் எழும்பினாள். முன்னே பார்த்தாள், திரும்பிப் பின்னே பார்த்தாள். தானே நட்டிருந்த தடியின் குழியையும், தான் குத்திக் குத்தி வந்த பாதையையும், ஒழுங்காக அடுக்கி வைத்திருந்த காய்ந்த இலைகளையும் பார்த்தாள். முகம் வெளிறிப்போக, நின்ற இடத்திலேயே குந்திவிட்டாள்.

அவன் பிள்ளையோடு அவளுக்குப் பக்கத்தில் இருந்தான்.

“எத்தனை நாளா இப்பிடி?” என்று அவள் கேட்டாள்.

“யசிந்தாவுக்கு நடந்ததிலை இருந்து.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னனான், கலா. ஒவ்வொரு நாளும் சொன்னனான்.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அழுகை வரவில்லை. உடம்பிலிருந்து ஏதோ ஒரு பாரம் இறங்கின களை மட்டும் இருந்தது.

“செபநாயகம் அண்ணைக்குப் போன் எடுங்கோ. இனி நான் வேலைக்கு வரேல்லை எண்டு சொல்லவேணும். நானே கதைக்கிறன்.”

நிருஷன் போனை எடுத்தான். சாருஜா தகப்பனின் தோளிலிருந்து தலையைத் தூக்கி, நம்ப முடியாமல் தாயின் முகத்தைப் பார்த்தாள்.

“அப்ப, இனி நான் எங்கடை வீட்டு முற்றத்திலை நடக்கலாமோ, அம்மா?”