மூன்றாவது கம்பி

"மார்லிஸ், நெட் போயிடுச்சு! எடைமேடை நின்னுபோச்சு. வெளியில நாப்பது சோள லாரி நிக்குது!" என்று கத்தினார் மேலாளர் லோவல்.

அயோவாவின் அந்தத் தானியக் கிடங்கில் இணைய இணைப்புப் பொறுப்பு மார்லிஸுடையது. அவள் பதறவில்லை.

"ஒண்ணு போனா இன்னொண்ணு தானா வரும் லோவல். ரெண்டு கம்பெனிகிட்ட எதுக்கு லைன் வாங்கி வச்சிருக்கேன்?"

"அதுவும் வரலையே!"

"ரெண்டும் சேர்ந்து போகவே போகாது. போயிருந்தா அந்த நாப்பது லாரியையும் நானே கழுவுறேன்."

லோவல் ஜன்னலைக் காட்டினார். வாசலில் மண் தோண்டும் இயந்திரம். பள்ளத்தில் இரண்டு கம்பிகளும் அறுந்து அருகருகே கிடந்தன.

மார்லிஸ் வெளியே ஓடினாள். "எந்த அறிவுகெட்ட ஜென்மம்யா இங்க தோண்டச் சொன்னது? மண்ணுக்குள்ள கம்பி போற இடத்துல அடையாளக் கொடி நட்ட பிறகுதானே தோண்டணும்?"

இயந்திரக்காரர் டுவேன் காகிதத்தை நீட்டினார். "போன மாசம் வந்த ஆர்டர் மேடம். 'ரெண்டு லைனும் ஒருவேளை சேர்ந்து போனா உதவ, மூணாவது ஒண்ணு புதைக்கணும். அவசரம், கொடிக்குக் காத்திருக்க வேண்டாம்'னு போட்டிருக்கு."

கீழே இருந்த கையெழுத்தை மார்லிஸ் இரண்டு முறை பார்த்தாள். அவளுடையதேதான்.

"லோவல்," என்றாள் மெதுவாக, "வாளி எங்க இருக்கு?"