லட்டுவின் இடது கண்

ஈரத் துண்டுக்குள் பாம்பு அசையவில்லை.

"நகரு சாமி. கொஞ்சம் நகரு."

பாம்பிடம் கெஞ்சுவாய் என்று போன வருஷம் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்.

சாயங்காலம் பெங்களூரிலிருந்து மகன் போன் செய்வான். அதற்குள் இதன் கண் தெளிய வேண்டும்.

மகன் வளர்த்த பாம்பு. ஆப்பிரிக்க ஜாதி, விஷமில்லை. பயந்தால் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும். அதனால் லட்டு என்று பெயர் வைத்தான்.

அவனாகப் பெண் பார்த்தான். அவனாகக் கல்யாணமும் செய்துகொண்டான். கல்யாணத்துக்கு அவள் போகவில்லை.

பெங்களூர் வீட்டுக்காரர் பாம்பு கூடாது என்றுவிட்டார். அதனால் லட்டு மட்டும் கோயம்புத்தூரில் அவளோடு தங்கிவிட்டது.

தினமும் போன் வரும்.

"லட்டு எப்படிம்மா இருக்குது?"

"நல்லா இருக்குது."

"தின்னுச்சா?"

"தின்னுச்சு."

அவ்வளவுதான். நீங்கள் சாப்பிட்டீர்களா என்று அவன் கேட்கமாட்டான். மருமகளைப் பற்றி அவளும் கேட்கமாட்டாள்.

அந்தக் குரலுக்காகத்தான் ஃப்ரீஸரில் லட்டுவுக்கான எலிப் பொட்டலம் இருப்பதைப் பொறுத்துக்கொண்டாள். கீழ்த்தட்டில் இட்லி மாவு.

இந்தப் பாம்பு போய்விட்டால் போனும் நின்றுவிடும்.

போன வாரம் லட்டுவின் கண்கள் வெளுத்தன. பால் ஊற்றினாற்போல. தோல் உரிக்கப்போகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. வெயில் கொளுத்துகிறது, உடம்புச் சூடு கண்ணில் இறங்கிவிட்டது என்று நினைத்தாள். தனக்கென்று ஒருநாளும் போடாத ஏசியை அதற்காக ராப்பகலாக ஓடவிட்டாள். அது குளிர்ந்து கிடப்பதைப் பார்த்துச் சந்தோஷம்கூடப் பட்டாள்.

ஏசி அறையின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிட்டது. உரிய வேண்டிய தோல் உடம்போடு காய்ந்து ஒட்டிக்கொண்டது.

நாய் பூனை பார்க்கும் டாக்டருக்குப் போன் செய்தாள்.

"இங்க எடுத்துட்டு வந்துராதீங்கம்மா. போன்லயே சொல்லிர்றேன்."

வெதுவெதுப்பான தண்ணீர். பிறகு ஈரத் துண்டு. அதுவாக நுழைந்து, அதுவாக உரசிக்கொண்டு வெளியே வரவேண்டும். பிய்க்கக் கூடாது. கண்ணில் கை வைத்தால் கண்ணே போய்விடும்.

நேற்றிலிருந்து இதுதான் வேலை.

தோல் துண்டு துண்டாக வந்தது. வெங்காயச் சருகு மாதிரி. வால் நுனியை இறுக்கிக்கொண்டிருந்த வளையமும் காலையில் கழன்றது. பிறகு வலது கண் தெளிந்தது.

இடது கண் மட்டும் மசங்கிக் கிடந்தது. அதன்மேல் பழைய தோல் ஒரு வில்லையாக உட்கார்ந்திருந்தது.

புற்றுக்கு முட்டை வைப்பதாக வேண்டிக்கொண்டாள். ஆப்பிரிக்கப் பாம்புக்கு நம்மூர்ப் புற்று பொறுப்பேற்குமா என்று தெரியவில்லை. இருந்தாலும் இரண்டு முட்டையாக வைப்பதாக மாற்றி வேண்டிக்கொண்டாள்.

ஒருமுறை விரல் நகத்தைக் கண்ணருகே கொண்டுபோய்விட்டாள். சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

பெற்ற பிள்ளையைத்தான் பக்கத்தில் வைத்துக்கொள்ளத் துப்பில்லை. ஒரு பாம்பைக் கூடவா?

தன்மேலேயே எரிச்சலாக வந்தது. துண்டை மறுபடி நனைத்துப் பிழிந்தாள்.

லட்டு தலையை நுழைத்தது. இறுக்கிப் பிடித்தால் பின்வாங்கியது. கையைத் தளர்த்தினாள். கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. துண்டுக்குள் அது ஊர்வது உள்ளங்கையில் தெரிந்தது.

மறுபக்கம் தலை வெளியே வந்தது.

இடது கண் கன்னங்கரேலென்று பளபளத்தது.

துண்டைப் பிரித்துப் பார்த்தாள். உளுந்துத் தோல் அளவுக்கு, அந்த வில்லை ஈரத்தில் ஒட்டியிருந்தது.

பாம்பை மடியில் போட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

போன் அடித்தது.

"அம்மா, வேற வீடு கெடச்சிருச்சு. பாம்பு இருந்தாலும் பரவால்லைன்னுட்டாங்க. ஞாயித்துக்கெழம கார் அனுப்பறேன். டிரைவர்கிட்ட லட்டுவக் குடுத்துருங்க. இனி உங்களுக்கும் தொந்தரவில்ல."

அவள் லட்டுவை மடியோடு அணைத்துக்கொண்டாள்.

"அம்மா? ஏம்மா, கொரலே வர்ல? ஒடம்பு சரியில்லையா?"

கல்யாணத்துக்குப் பிறகு அவன் அவளைப் பற்றிக் கேட்பது இதுதான் முதல் தடவை.

மடியிலிருந்து லட்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு கண்ணாலும்.

"தோல் ஒட்டிக்கிச்சு சாமி" என்றாள். "எடது கண்ணுல. என்ன பண்ணியும் வரமாட்டேங்குது. இப்படியே கார்ல ஏத்தி அனுப்ப முடியாது."

"ஐயோ, எப்பருந்தும்மா? ஏன் சொல்லவே இல்ல?"

"என் ஒருத்தியால ஆகல."

மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"ரெண்டு பேருமா வந்து பாருங்க."

அந்தப் பக்கம், தூரத்தில் ஒரு பெண் குரல், என்னாச்சு என்று அவனைக் கேட்டது.

அவள் துண்டிலிருந்து அந்த வில்லையை மெதுவாக எடுத்தாள். முந்தானை நுனியில் வைத்து முடிந்துகொண்டாள்.