கடலின் சீழ்க்கை

கருங்கற் கரையில் துப்பாக்கி ஏந்திய போலீஸ்காரர்கள் வரிசையாக நிற்கிறார்கள். கொள்முதல் சங்கத்துக்காரன் சிப்பியை அடிமாட்டு விலைக்குக் கேட்கிறான் என்று, ஜப்பான்காரன் ஆளும் ஜேஜு தீவின் முக்குளிக்கும் பெண்கள் நேற்று சந்தையை மறித்தார்கள். அவர்களில் மூன்று பேரைப் போலீஸ்காரர்கள் கட்டி இழுத்துப் போய்விட்டார்கள். அந்த மூவருக்கும் சிப்பிக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோகத்தான் மற்றவர்கள் இன்று சிப்பி எடுக்க இறங்கியிருக்கிறார்கள். பனிக்காலத்து வெயில் அலைமேல் தகரமாக மினுங்குகிறது. அவர்களில் மூத்தவளான தொக்சில் என்பவள் தண்ணீருக்கு மேலே வந்து, மிதக்கும் சுரைக்குடுக்கையைப் பற்றிக்கொண்டு, அடக்கிய மூச்சை உதடு குவித்து விடுகிறாள். நீண்ட சீழ்க்கையாக அது போகிறது. எட்டத்தில் இன்னொருத்தி அதேபோல் மூச்சு விடுகிறாள், அப்புறம் இன்னொருத்தி. ஜப்பானிலிருந்து புதிதாக வந்த அதிகாரியின் முகம் வெளுக்கிறது. கை வாள்பிடிக்குப் போகிறது.

“கலகத்துக்குச் சைகை காட்டுறீங்களாம்! நிறுத்தலேன்னா சுட்டுருவாராம்!” அதிகாரியின் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷி கத்துகிறான். அவனும் தீவுக்காரன்தான். “வெறும் மூச்சுன்னு சொல்லிப் பாத்துட்டேன், நம்ப மாட்டேங்கிறாரு.”

இளையவள் மான்வோல் தொக்சிலின் பக்கத்தில் நீந்தி வருகிறாள். “ஏன்க்கா, மூச்சு விட்டதுக்கா சுடுவான்?”

“நேத்து அந்த அடி அடிச்சும் இன்னிக்கு வந்து நிக்கிறோம்ல, அதான் அவனுக்கு உதறுது. ஒருத்தியை விட்டா தீவே எந்திரிச்சிரும்னு பயம். பயந்தவன் கை சும்மா இருக்குமா?” தொக்சில் சிரிக்கிறாள். “வாங்கடி, எல்லாரும் முங்குங்க.”

வெள்ளைத் தலைத்துணிகள் ஒவ்வொன்றாக மறைகின்றன. குடுக்கைகள் மட்டும் ஆடுகின்றன. துப்பாக்கிகள் வெறும் தண்ணீரைக் குறிபார்த்துக்கொண்டிருக்கின்றன. பிறகு அத்தனை தலைகளும் ஒன்றாக எழ, கடலே சீழ்க்கை அடிக்கிறது. கரையில் அதிகாரி ஓரடி பின்னால் எடுத்து வைக்கிறான்.