பெயர்க் கட்டம்

பெயர் கேட்கும் கட்டத்தில் ஒரு மேற்கோள் குறியையும் நாலு சொல்லையும் தட்டினாள் யுசுரிஹா. அந்த ஹிரோஷிமா பல் மருத்துவமனையின் நோயாளிப் பட்டியல் மொத்தமும், யாருக்கு எத்தனை கட்டுப்பல் என்பது உட்பட, திரையில் வந்து கொட்டியது.

முன்பதிவுப் பக்கத்தை எழுதியவன் ஓகா தெட்சுயா. அதில் ஓட்டை தேடுவது யுசுரிஹாவின் உத்தியோகம்.

“ஓகா சான், வாசல்ல காவலே இல்லையே! திருடன் செருப்பைக் கழட்டி வச்சிட்டு மரியாதையா உள்ள வருவான்.”

“பேர் கேட்டா பேரைத்தானே எழுதுவாங்கன்னு நம்பிட்டேன்.”

“நம்புறதுக்கா சம்பளம்? நாளைக்குப் பக்கத்தைத் திறக்கறாங்க. சாயங்காலத்துக்குள்ள அடைச்சிடுங்க.”

ஓட்டையை அடைத்துவிடலாம். மூன்று வாரம் முன்பு அவளிடம் தான் உளறிக் கொட்டியதை ஓகா எதைக் கொண்டு அடைப்பது?

ஜப்பானில் கல்யாணமானால் இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர்தான், அவனுடையதோ அவளுடையதோ; சட்டம் அப்படி. “யுசுரிஹான்னு எழுதறதுக்குள்ள பேனா மை தீந்துடும். என்னைக் கட்டிக்கிட்டா ஓகான்னு சட்டுனு முடிஞ்சிடும்” என்று, கடையில் ஒகோனோமியாக்கி அடை சாப்பிடுவதற்கு நடுவே கேட்டுவைத்தான். ஏதோ சலுகை விலை அறிவிப்பது போல.

அவள் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு, “யோசிக்கலாம்” என்றாள். அந்த ஊரில் யோசிக்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். அன்றிலிருந்து அவளிடம் வேலையைத் தவிர வேறு பேச அவனுக்குத் தைரியமில்லை.

மாலை ஐந்துக்குள் அடைத்துவிட்டான். பெயருக்கு உரிய எழுத்தைத் தவிர எதைத் தட்டினாலும் கட்டம் திருப்பி அனுப்பியது. யுசுரிஹா அரைமணி நேரம் முட்டி மோதிப் பார்த்தாள்.

அப்புறம் பட்டியலில் புதிதாக ஒரு நோயாளி முளைத்தார். பெயர் யுசுரிஹா தெட்சுயா. பிறந்த தேதி, அச்சு அசலாக ஓகாவுடையது.

ஓகாவுக்கு வியர்த்தது. நிஜ ஆளின் விவரத்தைப் போட்டுச் சோதிக்கவே கூடாது என்று ஊரையே மிரட்டுகிறவள் அவள். அப்படியென்றால் கோளாறு தன்னுடையதுதான்.

அவள் மேசைக்கு ஓடினான்.

“மன்னிச்சிடுங்க, யுசுரிஹா சான். கட்டம் இன்னும் சரியாகல. உங்க குடும்பப் பேர் போய் என் பேரோட ஒட்டிக்கிச்சு. இப்படி ஒரு ஆளே கிடையாது. இதோ, அழிச்சிடறேன்.”

அவள் திரையை விட்டு முகத்தைத் திருப்பினாள்.

“அழிக்காதீங்க, தெட்சுயா. அந்தப் பேருக்கு நீங்க மாறினா, எனக்குச் சம்மதம்.”