அதே பச்சை

பெயிண்ட் பட்டறை வாசலில், ஐந்து நிறம் பூசிய ஐந்து தகரத் துண்டுகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

அவள் பச்சையைக் கையில் எடுத்தாள். கண் மட்டும் பக்கத்தில் கிடந்ததை விட்டு நகரவில்லை.

நிற அட்டையில் அதற்கு ஏதோ வெள்ளைக்காரப் பெயர். அவளுக்கு அது சந்தனம்.

அறுபத்து நாலாம் வருடத்து வண்டி. கூரை இல்லாத கார், இரண்டே பேர் உட்காரலாம். அந்த வருடம் அந்தக் கம்பெனி விட்டது இந்த ஐந்து நிறங்களில்தான். ஆறாவதாக ஒன்றைப் பூசிக்கொண்டு போனால் பழைய கார் கண்காட்சியில் வாசலோடு அனுப்பிவிடுவார்கள்.

"போயி அதே பச்சையச் சொல்லிப்போட்டு வந்துரு கண்ணு," என்று அவள் வீட்டுக்காரர் அனுப்பியிருந்தார்.

அவர் வரவில்லை. இரண்டு வருடமாக அவருக்குப் பார்வை இல்லை.

வானம் எப்படி இருக்கிறது, போட்டிருப்பது எந்தச் சட்டை, எல்லாம் அவள் வாயால் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். ஒரு நாள்கூட மாற்றிச் சொன்னதில்லை.

பெண் பார்க்க வந்த அன்று அவர் தனியாகக் கேட்டது ஒரே ஒரு கேள்வி. சமைப்பாயா, பாடுவாயா என்றெல்லாம் இல்லை.

வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கணும், என்ன நிறம் அடிக்கலாம்?

சந்தன நிறம் என்றாள். அந்தக் கேள்விக்காகவே மனுஷனைப் பிடித்துப்போனது.

கல்யாண மண்டபத்து வாசலில் வண்டி கரும்பச்சையில் நின்றது.

ஏறும்போது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பிறந்த வீட்டைப் பிரிகிற அழுகை என்று நினைத்துச் சொந்தக்காரர்களும் கூடச் சேர்ந்து அழுதார்கள்.

ஏன் பச்சை என்று அவள் கேட்கவில்லை. ஆனால் அவள் மனதுக்குள் ஒரு சந்தன நிறக் கார் ஓடத் தொடங்கிவிட்டது. கல்லாறு தாண்டி, பாக்குமரத் தோப்பு தாண்டி, வளைவு வளைவாக மலையேறும். பனிக்குள் போய் மறையும். மறுபடி வரும். ஓட்டுவதும் அவரேதான். பெட்ரோல் செலவு மட்டும் இல்லை.

"எதைக் கலக்கட்டுமுங்கம்மா?" என்றான் பெயிண்டர் தாகிர்.

"சந்தனம்."

சொன்ன பிறகுதான் தன் குரல் அவளுக்கே காதில் விழுந்தது.

வண்டி வந்த காலையில் அவர் குளித்து, திருநீறு இட்டுக்கொண்டு வெளியே வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. வாசலில் நிழலே இல்லை.

கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். பச்சைதானே என்று கேட்டால் ஆமாம் என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லை இரண்டு நாளாகச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். ஒரு தடவைகூடச் சரியாக வரவில்லை.

அவர் கேட்கவில்லை. சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார்.

பழைய பழக்கம். அந்தக் கதவுக்கு வெளியே கைப்பிடி கிடையாது. விளிம்பில் ஒரு கையை ஊன்றி, இன்னொரு கையை உள்ளே விட்டுத்தான் திறக்க வேண்டும். கரும்பச்சை இந்த வெயிலுக்குத் தோசைக்கல்லாகக் காய்ந்திருக்கும். கைக்குட்டை இல்லாமல் அவர் அதைத் தொட்டதே இல்லை.

சந்தனம் அப்படிச் சுடாது. இதை எப்படி மறந்தாள்?

துணியை மடித்து விளிம்பில் வைத்தார். ஊன்றினார்.

அப்படியே நின்றார்.

பிறகு துணியை எடுத்துவிட்டு வெறுங்கையை வைத்தார்.

கை பின்வாங்கவில்லை. கதவின் சரிவில் மெதுவாக இறங்கியது, திரும்ப ஏறியது. தூங்கும் குழந்தையின் முதுகைத் தடவுவதுபோல் அவர் தடவிக்கொண்டே இருந்தார்.

கைக்குட்டையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"பச்சை நல்லா வந்திருக்குது கண்ணு," என்றார்.

வெறுங்கை அங்கேயே இருந்தது.