காபிக்கு முன் ஒரு ரீங்காரம்

தைராய்டு மாத்திரையை விழுங்கியாயிற்று. அரை மணி நேரத்துக்குக் காபி கூடாது. அந்த இடைவெளியில் என் மனைவி ஜன்னலோரம் பாயில் சம்மணமிட்டு, கட்டைவிரல்களால் காதுகளை அடைத்து, கண்மூடி வண்டுபோல் ரீங்கரிக்கிறாள். யோகா டீச்சர் சொல்லிக்கொடுத்த மூச்சுப் பயிற்சி. இளவெயில் அவள் கழுத்திலும், இளைத்துப்போன பின்னலிலும் விழுகிறது. மூலையில் தையல் மிஷின், உறை போட்டபடி. நோய் வந்து குரல் கரகரத்துப்போகும்வரை, அதை மிதிக்கும்போதெல்லாம் ஏதாவதொரு மெட்டு அவளிடமிருந்து வந்துகொண்டேயிருக்கும். "வாய மூடிக்கிட்டுத் தைக்கவே மாட்டியா?" என்பேன். "மூடிக்கிட்டுத்தானே பாடறேன்!" என்பாள். இப்போதும் உதடுகள் மூடித்தான் இருக்கின்றன. ஒரே சுருதியில் போய்க்கொண்டிருந்த ரீங்காரம் மெல்ல வழுக்கி, ஏறி, வளைந்து, அந்தப் பழைய மெட்டுகளில் ஒன்றுக்குள் நுழைகிறது. அவளுக்கே தெரியவில்லை போலிருக்கிறது; மடித்த காலின் பெருவிரல் மட்டும் பாயை மிதிக்கிறது. நான் சமையலறை வாசலில் அவளுடைய காபியோடு நிற்கிறேன். டம்ளரில் ஆவி அடங்கிவிட்டது. காதிலிருந்து விரலை எடுத்து, ஒற்றைக் கண்ணைத் திறக்கிறாள். "நேரம் ஆயிடுச்சா?" எப்போதோ ஆகிவிட்டது. "இன்னும் இல்ல, நீ பண்ணு," என்கிறேன், டம்ளரை அவசரமாக முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி.