பிலோமி வெட்டிய மீன்

இப்போது ரேஷன் கடையிலேயே தரும் மாத்திரை, மீன் விற்கும் ஜெனோவாவின் புற்றுக்கட்டியை வளர்க்கும் புரதத்தை அடக்கிவைத்திருந்தது. காயத்தை ஆற்றுவதும் அதே புரதம்தான். விரலில் கீறல் பட்டால் மாத்திரையை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் கட்டி விழித்துக்கொள்ளும்.

மீனை வெட்டித் தராவிட்டால் யார் வாங்குவார்கள்? சந்தையில் அவள் "மாதாவே" என்று அரிவாள்மணை முன் உட்காருவதும் எழுவதுமாகத் தவித்தாள். சீலா மீன் வாங்கியவர் பொறுமையிழந்தார்.

ஒரு வருடமாக அவளோடு பேசாத எதிர்க்கடை பிலோமி வந்து மீனைப் பிடுங்கினாள்.

"உனக்காக இல்ல. நீ முழிக்கிறதப் பாக்கச் சகிக்கல."

"உன் கடைய யாரு பாக்குறது?"

"வாய மூடிட்டு அடுத்த ஆளக் கூப்பிடுடி."

பிலோமியின் கடையில் காத்து நின்ற இருவர் அலுத்து வேறு கடைக்குப் போனார்கள். அவள் தலை நிமிராமல் செதில் சுரண்டினாள்.